அழுகை கேட்காத பளிங்கு

மகன்,

நாங்கள் இரண்டு பேரும் இங்கே நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பேனா மறுத்துவிட்டது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். மவுண்ட் ரோஸ்கில்லில் மழை. சும்மா மழை இல்லை, பிரளயத்துக்கு ஒத்திகை பார்க்கிற மழை. குசினியில் உப்பு தண்ணியாகி ஓடுகிறது. தீக்குச்சியை உரசினால் இருமுகிறது. அப்பளத்தை எடுத்தால் கைலேஞ்சி மாதிரி மடிகிறது. கொடியில் போட்ட நாலு முழ வேட்டி காய்வதற்குப் பதிலாக எட்டு முழமாக வளர்ந்து நிற்கிறது. இந்த ஈரத்தில், உன் கல்யாணத்துக்கென்று நான் பெற்று வளர்த்த உப்புப் பளிங்குகள் எல்லாம் கரைந்தும் உடைந்தும் போய், ஒன்றே ஒன்று மிச்சம். வருகிற ஞாயிறு கழிய அடுத்த ஞாயிறு உனக்குத் தாலி கட்டு. அதுவரைக்கும் அந்த ஒன்று உயிரோடு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அது செத்தால், நீ தாலி கட்டும் நேரத்தில் உன் அம்மா குசினிக்குள் நிற்பா.

இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்பாய். எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எப்போதும் அம்மா இருக்கிறா. யாழ்ப்பாணத்திலிருந்து மணி அடிக்கும் என்று சாப்பாட்டுக் கோப்பையோடும் அங்கேதான் இருக்கிறா. அவவுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தால் பகிடிதான் வருகிறது. உனக்கு என்னைத் தெரியும். இந்தத் தெருவில் உள்ள அத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நான் அங்கிள். காங்கேசன்துறையில் இருந்து நியூசிலாந்துக்கு நீந்தி வந்தவன், வழியில் களைத்தபோது ஒரு திமிங்கிலத்தில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தவன். அந்த அங்கிளுக்கு அழத் தெரியாது என்று அந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். உன் அம்மாவும் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் நாள் முழுக்க இந்தக் கூத்து. இந்தக் கடிதத்தில் மட்டும் புளுகைக் குறைத்திருக்கிறேன். கறிக்கு உப்பளவு கிடந்தால் பொறுத்துக்கொள்.

ஜூன் மாத லோங் வீக்கெண்டுக்கு நீ வெலிங்டனிலிருந்து வந்து, கல்யாணத்தைப் பற்றி மேசையைச் சுற்றி இருந்து கதைத்தோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். பிளொக்ஹவுஸ் பே பக்கம் ஹோல் எடுத்தாயிற்று, ஐயர் சம்மதித்துவிட்டார், வாழைமரம் கிடைக்காவிட்டால் புக்கெகோஹியிலிருந்து லீக்ஸ் கொண்டுவந்து வாசலில் கட்டலாம் என்று நான் சொல்ல எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் அம்மா, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போகிற விசயத்தைச் சொல்வது போலச் சொன்னா.

"தாலி கட்டேக்க நான் குசினியில நிண்டு பாயாசத்தைப் பாக்கிறன். கட்டி முடிய என்னைக் கூப்பிடுங்கோ."

"அம்மா, வாட்? நீங்கள் எனக்குப் பக்கத்தில நிக்க வேணும்" என்றாய் நீ.

"நிண்டா அழுவன், தம்பி. எனக்கு இப்ப அழுகை சொல்லிப்போட்டே வருது? வருது, அவ்வளவுதான். தாலி ஏறேக்க அப்பிடி ஒரு சத்தம் கேக்கப்படாது. உனக்கும் கூடாது, அந்தப் பிள்ளைக்கும் கூடாது."

"அழுங்கோவன்! ஹூ கெயர்ஸ்?"

"நான் கெயர் பண்ணுறன்" என்றா அம்மா. உன்னுடைய இங்கிலிசையே எடுத்து உனக்குத் திருப்பி அடித்தா. நான் கை தட்டியிருப்பேன், அவவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். பிறகு சொன்னா: "ஊரில எண்டா கெட்டிமேளம் கொட்டுவினம். ஆர் தும்மினாலும் ஆர் அழுதாலும் அதுக்குள்ள போயிடும். இஞ்ச என்ன இருக்கு?"

அப்போது நான் கதிரையில் ஏறி நின்றது உனக்கு நினைவிருக்கும். "மேளம்தானே? நான் தாறன் மேளம்! ரங்கிட்டோட்டோ எரிமலை எழும்பி ஆரப்பா அடிக்கிறது எண்டு கேக்கிற மேளம்! மேளம் இருந்தா நீர் வந்து நிற்பீரோ, மாட்டீரோ?" என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இருந்தா நிப்பன்" என்றா. நீ கண்ணை மேலே உருட்டிக்கொண்டு எழும்பிப் போனாய். உனக்கு அது ஒரு பழைய நம்பிக்கை. எனக்கு அது ஒப்பந்தம். அந்த "நிப்பன்" என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ மாதம் இருக்கும். இப்போது அவ எதற்கும் நிற்பதில்லை, எதற்கும் வருவதில்லை. பூசைக்கென்று ஆருடைய வீட்டிலாவது சனம் கூடினால்கூட வாசலில் சாமானைக் கொடுத்துவிட்டுக் காருக்குள் வந்து ஏறிவிடுகிறா.

அம்மா நிற்க வேண்டிய அந்த இடம் உண்மையில் அவவுடையது இல்லை. அது உன் அக்காவுடையது. தாலி கட்டும்போது உனக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் அவள். நாங்கள் விமானம் ஏறியபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, நீ அரைக் காற்சட்டை. "தம்பியின்ர கலியாணத்துக்கு வருவன், விளக்கு நான்தான் பிடிப்பன்" என்று உன் கன்னத்தைக் கிள்ளினாள். இப்போது சண்டை நடக்கிற பக்கம் லைன் இல்லை. அவர்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், ஒரு கோயிலில் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்குக் காது குறைவு என்பது உனக்குத் தெரியும், ஆனால் அது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று எடுத்துக்கொண்டு போனது. ரேடியோவில் பாட்டுப் போனால் எல்லோரும் தள்ளி இருந்து கேட்பார்கள், அவள் மட்டும் ரேடியோப் பெட்டியின் மேல் நாடியை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். காற்றில் வருவது அவளுக்குப் போதாது, மரத்தில் வருவது நாடி எலும்புக்குள்ளால் போகும். நீ நாலு வயதில் அதைப் பார்த்து, அவளுக்கு எதிரே நீயும் நாடியை ஊன்றுவாய். இரண்டு பேரும் பெட்டியைத் தின்னப் போகிற எலிகள் மாதிரி இருப்பீர்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன், எலிகள் என்று. அம்மா இரவும் பகலும் நினைத்து அழுகிறது இதைத்தான், மகன். "ஷெல் வாற சத்தம் அவளுக்குக் கேளாதே, ஆர் அவளுக்குச் சொல்லுறது?" இந்த ஒரு வரிதான். புதிதாக ஒன்றும் இல்லை. பல் துலக்கும்போது வருகிறது, பாண் வெட்டும்போது வருகிறது. அதற்கு நான் என்ன பகிடி சொல்ல? சொல்லிப் பார்த்தேன். உலகத்திலேயே படுதோல்வியடைந்த பகிடிகள் எல்லாம் இந்த வீட்டு மூலைகளில் செத்துக் கிடக்கின்றன.

சரி, மேளத்துக்கு வருகிறேன். ஒக்லாந்தில் தவில் இல்லை. சிட்னியில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், விசாரித்தால் அது ஒருவர் வீட்டில் பூச்சாடி வைக்கிற ஸ்டூலாக இருக்கிறது. கசெட் போடலாம் என்றார்கள். போன வருசம் ஒரு கல்யாணத்தில் கசெட்தான் போட்டார்கள். ஐயர் கையைத் தூக்க, பொத்தானை அமத்த, மெசின் நாடாவை மென்று, தாலி ஏறும் நேரம் முழுக்க ஆடு கத்துகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. ஃபிஜி நண்பர் ஒருவரின் டோலக்கை இரவல் வாங்கினேன். நல்ல வாத்தியம், பஜனைக்குச் சொர்க்கம். ஆனால் அந்த ஹோலில் அதை அடித்தால், கடைசி வரிசையில் ஒருவர் தும்ம, தும்மல்தான் வெல்லும். அப்போதுதான் கராஜுக்குள் நீ விட்டுப் போன பூதம் நினைவுக்கு வந்தது.

உன் கொப்பரையைத்தான் சொல்கிறேன். முந்தி இந்த வீட்டில் இருந்தவர்கள் உடுப்பு அவித்த அந்தப் பெரிய செப்புக் கொப்பரை. அதன் வாயில் லொறி ட்யூபை இழுத்துக் கட்டி, வயிற்றைச் சுற்றி வேலிக் கம்பி பூட்டி, ஒவ்வொரு இடத்திலும் அதிர்வைப் பிடிக்கிற ஒரு பளிங்குக் காதைப் பொருத்தி, அம்பிளிஃபயரில் கொழுவி, அதற்கு நீ வாத்தியம் என்று பெயர் வைத்தாய். டவுனில் ஒரு பழைய கிடங்கில் நீ அதை வாசித்தபோது நானும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தோம். சுற்றவர இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தியானத்தில் இருக்க, எனக்கு யாரோ யானைக்குப் பல் பிடுங்குவது போல இருந்தது. "இஞ்சாரும், இது முடிஞ்சுதோ, தொடங்குதோ?" என்று நான் கேட்டேன். "சும்மா இருங்கோ, எனக்கு விளங்குது" என்றா அம்மா. என்ன விளங்கியது என்று அவ இன்றுவரை சொல்லவில்லை. மேடையில் நீ கண்ணை மூடி நாடியைக் கொப்பரை விளிம்பில் ஊன்றியிருந்தாய் என்பதை மட்டும் நானும் பார்த்தேன்.

முதலில் நான் கொப்பரைக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டேன். காதும் வேண்டாம், பளிங்கும் வேண்டாம், மைக் இருக்க என்ன குறை என்று நினைத்தேன். இரண்டு ஸ்பீக்கரையும் திறந்துவிட்டு அடிக்கத் தொடங்கினேன். நல்ல சத்தம்தான். அம்மா தேத்தண்ணியோடு வந்து எனக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. நான் ஒரு அடி அடித்துக் கையை எடுத்த இடைவெளியில், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரு விம்மல் வந்தது, மகன். கராஜ் நிறைய வந்தது. மேளத்தை விடப் பெரிதாக, சுவரில் மோதித் திரும்பி வந்தது. மைக்குக்கு மேளம் எது, தாய் எது என்று தெரியுமா? காற்றில் வந்ததையெல்லாம் அள்ளி வெளியே எறிந்துவிட்டது. அம்மா தட்டைப் பெயின்ற் டின்னுக்கு மேல் வைத்துவிட்டு உள்ளே போனா. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. நான் மைக்கின் வயரைக் கழற்றவில்லை, அறுத்தேன்.

அன்றுதான் நீ எப்போதோ சொன்னது எனக்கு உறைத்தது. உன்னுடைய காதுகள் காற்றில் வருகிற எதையும் கேட்காது என்றாயே. தொட்டதை மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் நின்று ஒருவர் கத்தினாலும் அதற்குத் தெரியாது, செப்பில் ஒரு எறும்பு நடந்தால் தெரியும். உலகத்தில் எனக்கு வேண்டிய காது அதுதான். அம்மா எவ்வளவு அழுதாலும் கேட்காமல், மேளத்தை மட்டும் கேட்டு, அதை ஹோல் முழுக்கக் கொட்டுகிற காது. உன் பழைய காதுகளைத் தேடினேன். பளிங்கு எப்போதோ கரைந்துபோய், துருப்பிடித்த மூடிகள்தான் கிடந்தன. கடையில் பஸருக்கு விற்கிற தகட்டை வாங்கி ஒட்டிப் பார்த்தேன், நான் அடித்தது மேளம், வந்தது காதுக்குள் பறக்கிற நுளம்பு. ஆகவே, மவுண்ட் ரோஸ்கில்லின் மாமன்னரும் பளிங்கு வளர்ப்பில் முன்பின் அனுபவம் அற்றவருமாகிய உன் தகப்பன், வளர்க்கத் தொடங்கினேன்.

நீ போனில் சொன்னபடியே செய்தேன். என்னத்துக்கு என்று நீ கேட்டாய், சும்மா பொழுதுபோக்கு என்றேன். வெள்ளைக்காரர் ஸ்கோன் சுடுவதற்குப் போடுகிற கிரீம் ஒஃப் டார்ட்டர் தூளையும் சலவைச் சோடாவையும் காய்ச்சி, வடித்து, ஜாம் போத்தல்களில் ஆறவைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதைப் பளிங்கை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சூப்பர் மார்க்கெட் பெட்டை நான் தூக்கிக்கொண்டு போன டார்ட்டரின் அளவைப் பார்த்து, "யு மஸ்ட் லவ் ஸ்கோன்ஸ்" என்றாள். நியூசிலாந்துப் படைக்குச் சப்ளை பண்ணுகிறேன் என்றேன். போத்தலை அசைக்கக்கூடாது என்று நீ சொன்னதால் நான் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தேன். பளிங்கு வளர்ந்தது. கண்ணாடி மாதிரி, விரல் அளவுக்கு. நனைந்த நூலை மேலே வைத்து இழுத்து இழுத்து அறுத்தேன், ஈரமே வாளாக அறுக்கிறது. இரண்டு பக்கமும் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி, முடி போன்ற வயரை வைத்து, சப்பாத்துப் பொலிஷ் டின் மூடிக்குள் சைக்கிள் ட்யூப் ரப்பரால் மெத்தை போட்டுப் படுக்க வைத்தேன்.

முதலில் செத்தவை, வயரை ஈயம் வைத்து ஒட்டப்போய் வெக்கையில் செத்தன. அடுத்தவை ஸ்குரூவை இறுக்கியதில் வெடித்தன. கூட இறுக்கினால் வெடிக்கும், தளர்த்தினால் கிணுகிணுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. இதை வைத்து உனக்குத் தாம்பத்தியம் பற்றி ஒரு பிரசங்கம் செய்வேன் என்று எதிர்பார்க்கிறாய். செய்யமாட்டேன். அந்த நடு இடம் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் இறுக்கிய இடத்தில் உன் அம்மா பொறுத்தா, நான் தளர்ந்த இடத்தில் அவ தாங்கினா, அதைத்தான் நான் என் கெட்டித்தனம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ கட்டப்போகிற மாலினியிடம் கேள். கூட இறுக்குகிறேனா என்று அந்தப் பிள்ளையிடமே கேள். அந்த இரண்டு சொல்லுக்கு வெட்கப்பட்டு நான் பாதி ஆயுளை வீணாக்கினேன்.

பிறகு ஈரம். கராஜில் வைத்தவை ஒரு கிழமையில் சூப்பிய இனிப்பு மாதிரி உருண்டையாகின. ஈரம்தானே எதிரி, வெல்லுவேன் என்று கொஞ்சத்தை வெந்நீர்த் தாங்கி அலமாரிக்குள் துவாய்களுக்கு நடுவில் வைத்தேன். காலையில் திறந்தால் பளிங்கு இல்லை, முகத்துக்குப் பூசுகிற பவுடர் கிடந்தது. அதற்குக் கூடக் காய்வதும் ஆகாது, கூட நனைவதும் ஆகாது. ஒரு மாமியாரைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து நான் வைத்திருந்ததில்லை. கடைசியாக வீட்டில் ஒரே ஒரு இடம்தான் பதமாக இருந்தது, சாமி அலமாரி. அக்காவுக்காக அம்மா அங்கே அணையாமல் ஒரு விளக்கு வைத்திருக்கிறா. அந்தச் சூட்டில் கற்பூரம்கூடச் சரசரவென்று இருந்தது. மிஞ்சிய பளிங்குகளை வெள்ளித் தட்டில் அடுக்கி முருகனுக்கு முன்னால் வைத்தேன். முருகா, நீ சும்மாதானே நிற்கிறாய், கொஞ்சம் காவல் பார் என்றேன்.

போன சனிக்கிழமை ஐயர் வந்தார், சாமான் விபரம் சொல்ல. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளே கடக்கு முடக்கு என்று ஒரு சத்தம். சாமி அலமாரிக்கு முன்னால் ஐயர் நிற்கிறார். வாய் நிறைய. தட்டில் இருந்ததைக் கற்கண்டுப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றி, பெரிய துண்டாகப் பார்த்து வாயில் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, கூட வந்த தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கை நிறையக் கொடுத்திருக்கிறார்.

"ஐயா, துப்புங்கோ!" என்று நான் கத்தினேன்.

"பிரசாதத்தைத் துப்புறதோ?" என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, விழுங்கினார். "ஆனா, கொஞ்சம் உப்பாக் கிடக்கு. கற்கண்டு எந்தக் கடை?"

பிள்ளைகள் "யக்!" என்று துப்பிவிட்டுச் சிரித்தன. அவை கெட்டிக்காரப் பிள்ளைகள். ஐயர் மட்டும் அன்று பின்னேரம் ஒரு பூசைக்கும் போகவில்லை. அந்த உப்புக்கு வயிற்றைச் சுத்தம் செய்கிற குணமும் உண்டு என்று நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் போன் எடுத்துச் சுகம் விசாரித்தேன், மூன்று தரமும் ஐயர் "உள்ளே" இருந்தார். மற்ற நேரம் என்றால் இதை நான் ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிப்பேன். அன்று வெறும் தட்டுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன், மகன். நீ கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து புதிதாகச் செய்ய நேரமில்லை. பளிங்கு வளர்வது விசா மாதிரி, அவசரப்படுத்தினால் கலங்கிவிடும். கதிரையில் ஏறி நின்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தவன், அந்தத் தட்டில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. 

அம்மா ஐயரை அனுப்பிவிட்டு வந்தா. பிறகு குசினிக்குப் போய் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினா. வெளியே வந்த கையில் வெள்ளைத் துணி முடிச்சு. அவிழ்த்தால், உள்ளே ஒரு பளிங்கு. முகம் தெரிகிற மாதிரி, ஒரு கீறல் இல்லாமல்.

"முதல் போத்தல் திறந்த அண்டைக்கே ஒண்டை எடுத்து வைச்சனான்" என்றா. "உங்கட சாமான் ஒண்டும் மிஞ்சாது எண்டு எனக்குத் தெரியும். அரிசிக்குள்ள இருந்தா காயும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அதையும் எடுத்துப் பரிசோதனை செய்வியள்."

நான் மூன்று மாதமாக அவவைக் குசினிக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வர முயல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ எனக்குச் சொல்லாமல் அரிசிக்குள் கையை விட்டுத் தனக்கொரு வழியைப் புதைத்து வைத்திருந்திருக்கிறா. அவவுக்கு வர வேண்டும், மகன். உனக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அந்த ஆசை இல்லாதவ என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன். பாயாசத்தைப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அன்று பின்னேரமே காதைக் கட்டினேன். இந்த முறை ஈயம் வைக்கவில்லை, அம்மா ஊசியால் வயரை வைத்துப் பிடிக்க நான் ஒட்டினேன். தேன்மெழுகைச் சூடாக ஊற்றாமல் விரலில் உருட்டி மூடியைச் சுற்றிப் பூசினோம். கொப்பரை விளிம்பில் பூட்டினேன். ஸ்குரூவை அம்மாதான் முடுக்கினா, நான் கை வைக்க அவ விடவில்லை. விரல்களுக்கெல்லாம் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு நான் தயாரானேன்.

"அடியுங்கோ. நான் அழுது பாக்கிறன்" என்றா அம்மா. ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய் நின்றா.

நான் அடித்தேன். மகன், புளுகு இல்லாமல் சொல்கிறேன், கராஜ் கதவு தானாக ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. கொப்பரையின் வயிற்றுக்குள் இருந்து நாலு தவில் ஒன்றாக வந்தது. அம்மா முகத்தைச் சுருக்கி அழுது பார்த்தா, வரவில்லை. கட்டளைக்கு வருமா? அவவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்து எத்தனை காலம் ஆன சிரிப்பு. நான் இன்னும் வேகமாக அடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவவின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு வாய் திறந்த விதத்தைப் பார்த்தேன். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு எழும்பியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரில் மேளம் மட்டும்தான், சுத்தமாக, ஒரு விம்மல் கலக்காமல். நான் வாக்குக் கொடுத்தது அப்படியே நிறைவேறிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நான் அடிப்பதை நிறுத்தினால் அவவின் சத்தம் வெளியே வந்துவிடும். நிறுத்தாவிட்டால் நான் அவவிடம் போக முடியாது. கொப்பரைக்கும் அவவுக்கும் நடுவில் ஒரு கார் நிற்கிற இடம்தான், ஆனால் நான் போக முடியாது. கல்யாண ஹோலில் இன்னும் தூரம். அங்கே அவ அந்தக் கூட்டத்துக்கு நடுவில், மகள் நிற்க வேண்டிய இடத்தில், மகளின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கும் கேட்காமல் அழப்போகிறா. அதற்கு ஏற்பாடு செய்தவன் நான். கேட்காத காது வேண்டும் வேண்டும் என்று தவம் கிடந்து வாங்கியவன் நான். கடைசியில் அடியை நிறுத்திவிட்டு ஓடினேன். ஓடிப்போய் முதுகில் கையை வைத்தேன். சத்தம் அதற்குள் அடங்கிவிட்டது, ஆனால் உள்ளே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்த இடத்தில் மட்டும் தெரிந்தது. அவ சொன்னா: "கேட்டுதோ?" நான் சொன்னேன்: "இல்லை, ஒண்டும் கேக்கேல்லை." "அப்ப நிப்பன்" என்றா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

காதைக் கழற்றித் திரும்ப அரிசிக்குள் புதைத்திருக்கிறோம். அந்த அரிசியைத் தொட முடியாததால் இப்போது நாங்கள் சாப்பிடுவது சோறு இல்லை, பாண். மழை விடவில்லை. கல்யாண ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கரைந்தாலும் சரி, வெடித்தாலும் சரி, நான் கொப்பரையை வெறுங்கையால் அடிப்பேன், விரல் போனாலும் அடிப்பேன், அதை நீ என்னிடம் விடு. உன்னிடம் நான் கேட்பது வேறு. நீ உன் அம்மாவிடம் "அழுங்கோவன்" என்றாயே, அதற்கு நான் அன்று மனதுக்குள் கோபித்தேன். இப்போது நான் அதே சொல்லுக்கு உன்னிடம் வந்து நிற்கிறேன். அவ அழட்டும். ஊருக்குக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டும், மகன். நான் மேளத்தோடு கட்டுண்டு கிடப்பேன், உன்னைத் தவிர அவவுக்குக் கிட்ட ஆள் இல்லை.

ஐயர் கையைத் தூக்குவார். அவருடைய வயிறு அன்று நன்றாக இருக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன். நான் தொடங்குவேன். நீ எழும்பித் தாலியை எடுக்கும்போது மேளத்தைப் பார்க்காதே, என்னைப் பார்க்காதே, மாலினியைப் பார். அம்மா உனக்குப் பின்னால் விளக்கை இரண்டு கையாலும் பிடித்திருப்பா. அரை அடி பின்னுக்குத் தள்ளி நில், உன் முதுகு அவவின் முழங்கையில் முட்டும்படி. மூன்று முடிச்சையும் ஆறுதலாகப் போடு, நான் எவ்வளவு நேரமும் அடிப்பேன். முதுகில் ஒரு நடுக்கம் வரும். விலகாதே. ரேடியோப் பெட்டியில் நாடியை ஊன்றிக்கொண்டு நீயும் அக்காவும் இருந்த மாதிரி, அது முடியும்வரை அப்படியே நில்.

இப்படிக்கு,
கொப்பரைக்குப் பின்னால் நிற்கப்போகிற உன் அப்பா